செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும்

மூன்று வாரங்களுக்கு முன் என் பழைய அலுவலகத்திலிருந்து நிர்மலா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள் அவள். லண்டன் கிங்ஸ்பரியில் பிறந்து வளர்ந்த பிள்ளை.

“அங்கிள், அல்ஜீரியா பேஜ் ஃபுல்லா ரெட்டா வருது. புது சிஸ்டம் ஒத்துக்கொள்ளுதில்லை. டீம் தொடங்கிறதுக்கு முதலே மட்ச் விளையாடியிருக்கு எண்டு சொல்லுது. எல்லா லைன்லயும் உங்கட இனிஷியல்ஸ்.”

“ஓம், என்ரதான்.”

“மிஸ்டேக் எண்டு ஒரு ஈமெயில் போடுங்கோவன். இவையள் உடனே டிலீட் பண்ணிப்போடுவினம்.”

மிஸ்டேக். இருபத்தாறு ஆண்டுகள் பிழை பிடிப்பதற்காகச் சம்பளம் வாங்கியவனிடம் இப்படிக் கேட்கிறார்கள். அன்று அவளிடம் நான் கத்தினேன். அது அவளுக்குரிய கோபம் அல்ல. யாருக்கு உரியதோ அவர்களுக்காகவும், இனி அந்த மேசையில் இருக்கப்போகிறவர்களுக்காகவும் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

நான் பாரிஸில் ஆறு ஆண்டுகள் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவினேன். பிரெஞ்சு படித்தது பள்ளியில் அல்ல, விளையாட்டுப் பத்திரிகைகளில். பிறகு லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் குடியேறினேன். உலக உதைபந்தாட்ட ஆட்டங்களைத் தொகுத்து ஆண்டுநூல் வெளியிடும் ஒரு சிறிய நிறுவனத்துக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த சரிபார்ப்பாளர் தேவைப்பட்டது. வட ஆபிரிக்க நாடுகள் முழுவதும் என் பொறுப்பு. ஆட்டத்துக்கு ஒன்றாக மற்றவர்கள் எழுதிய குறிப்பு அட்டைகளை முதல் இரண்டு ஆண்டுகள் அகரவரிசையில் அடுக்கினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது விதியைப் பற்றி. ஓர் ஆட்டம் நூலில் ஏற வேண்டுமானால் அந்தக் காலத்தில் அச்சான இரண்டு ஆதாரங்கள் வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்கக் கூடாது. திகதி, இடம், முடிவு ஆகிய மூன்றும் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். ஆடியவரின் நினைவு ஆதாரமாகாது. மூன்றில் ஒன்று பிசகினாலும் அட்டையின் வலது மூலையில் பச்சைப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவோம். வட்டம் போட்ட அட்டை தனிப் பெட்டிக்குப் போகும். அங்கே போன அட்டைகளை யாரும் திரும்ப எடுப்பதில்லை.

பச்சைப் பென்சில்களை வாங்கி வைத்திருந்தவர் எங்கள் தலைமைப் பதிவாளர் கோல்டுவெல். ஒருபோதும் குரல் உயர்த்தமாட்டார். ஒவ்வோர் அட்டையையும் மர அடிமட்டத்தை வரியின் கீழ் வைத்து, உதடு அசையாமல் வாசிப்பார். மறுக்கப் போகிறார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வோம் என்றால், முதலில் நன்றி சொல்வார். “மிக்க நன்றி, மிகவும் கவனமான வேலை” என்று தொடங்கினால் அட்டை செத்தது. அதன்பின் பிஸ்கட் டப்பாவை நம் பக்கம் தள்ளுவார். அவர் மேசையில் நான் தின்ற பிஸ்கட்டுகள் எல்லாம் தோற்றபோது தின்றவை.

அல்ஜீரியாவின் கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1958 ஏப்ரலில், பிரான்சின் பெரிய கழகங்களில் ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரிய வீரர்கள் சிலர், யாருக்கும் சொல்லாமல் இத்தாலி வழியாகவும் சுவிற்சர்லாந்து வழியாகவும் துனிஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் அந்த ஆண்டு உலகக் கிண்ணத்துக்குப் பிரான்ஸ் அணியில் இடம்பெறக் கூடியவர்கள். அதையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு, பிரான்சின் ஆட்சியில் இருந்த, இன்னும் பிறக்காத ஒரு நாட்டின் பெயரில் அணி அமைத்தார்கள். பிறகு வேறு பலரும் போய்ச் சேர்ந்தார்கள். உலக உதைபந்தாட்ட அமைப்பு அந்த அணியை ஏற்கவில்லை. அதனுடன் ஆடும் நாடுகளுக்குத் தண்டனை உண்டு என்று எச்சரித்தது. ஆனாலும் வட ஆபிரிக்காவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் சீனாவிலும் வியட்நாமிலும் ஆடினார்கள். மொத்தம் எத்தனை ஆட்டங்கள் என்பதில் இன்றும் ஆளுக்கொரு கணக்கு. 1962 இல் நாடு விடுதலை பெற்றது. எங்கள் ஆண்டுநூலில் அல்ஜீரியா 1963 இல் பல்கேரியாவுடன் ஆடிய ஆட்டத்தோடு தொடங்கியது. அதற்கு முந்திய நான்கு ஆண்டுகள், ஒன்றும் நடக்காதது போல வெற்றுத்தாள்.

இதே நாட்டுக்கு 1982 உலகக் கிண்ணத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜூன் 16 புதன்கிழமை மேற்கு ஜேர்மனியை இரண்டுக்கு ஒன்று என்று வென்றார்கள். தங்கள் குழுவின் கடைசி ஆட்டத்தில் சிலியையும் வென்றார்கள். மறுநாள், 25 வெள்ளிக்கிழமை, மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் மோதின. ஜேர்மனி ஒரு கோலால் வென்றால் இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வீட்டுக்குப் போகும் என்பது இரு அணிக்கும் முன்பே தெரியும். பத்தாவது நிமிடத்தில் கோல் விழுந்தது. மிச்ச நேரம் முழுக்கப் பந்தைத் தங்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகுதான் குழுவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று விதி வந்தது. இதைப் பற்றி நான் பொருமியபோது கோல்டுவெல் சொன்னது: “அன்றைய ஒழுங்கின்படி எந்த விதியும் மீறப்படவில்லை.” பிறகு பிஸ்கட்.

தாஹர் என்ற முதியவரின் கடிதம் வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வட லண்டனில் மகளுடன் வாழ்ந்தார். பிரான்சின் இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்றில் ஆடி, 1960 இல் தப்பிப்போய் அந்த அணியில் சேர்ந்தவர். கிழக்கு ஐரோப்பிய நகரம் ஒன்றில் ஒரேயோர் ஆட்டம். முதல் பாதியிலேயே முழங்கால் உடைந்து, அத்தோடு உதைபந்தாட்டம் முடிந்தது. தன் பெயரை நூலில் சேர்க்கும்படி கேட்டிருந்தார்.

நான் இரண்டு ஆதாரங்களைத் தேடிப் பிடித்தேன். இரண்டிலும் அவர் பெயர் இருந்தது, காலில் காயம்பட்டு வெளியேறியதும் இருந்தது, முடிவும் ஒன்றே. அந்த நகரத்தின் திங்கட்கிழமைக் காலைப் பத்திரிகை “நேற்று நடந்த ஆட்டம்” என்றது. அதாவது ஞாயிறு. பாரிஸ் மாலைப் பத்திரிகை ஒன்றில் நான்கு வரிச் செய்தி, செவ்வாய்க்கிழமைத் திகதியிட்டது. அதுவும் “நேற்று” என்றது. அதாவது திங்கள். திகதி ஒத்துவரவில்லை. விதிப்படி இவை இரு வேறு ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆதாரம் மட்டுமே. இரண்டு அட்டைகளிலும் பச்சை வட்டம் போட்டேன். “உறுதிப்படுத்த இயலவில்லை” என்று கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவரே வந்து நின்றார். இரண்டு பஸ் மாறி, கைத்தடியுடன் இரண்டாம் மாடி வரை ஏறி வந்திருந்தார். நாங்கள் பேசியது பிரெஞ்சில். எங்கள் ஊர்த் தமிழில் எழுதினால்தான் அவருடைய குரல் எனக்குக் கேட்கிறது, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

“இந்தக் கடிதம் எழுதின பெரிய மனுசன் நீதானோ?”

“ஓம் ஐயா. இருங்கோ.”

“இருக்க வரேல்லை. எங்கட ஆக்கள் கூடுற காப்பிக்கடையில உங்கட புத்தகம் கிடக்குது. நான் நாட்டுக்கு விளையாடினனான் எண்டு வாய் திறந்தால் ஒவ்வொருத்தனும் அதை விரிச்சு வைச்சு, எங்கை காட்டு, எங்கை காட்டு எண்டுறான். எனக்குப் பேரே வைச்சிட்டாங்கள். பொய்யர் தாஹர். என்ர மகளுக்கு முன்னாலயும் அப்பிடித்தான் கூப்பிடுறாங்கள்.”

இரண்டு பத்திரிகைகளையும் திகதிச் சிக்கலையும் பொறுமையாக விளக்கினேன். பொறுமையாக விளக்குகிறேன் என்ற பெருமையும் எனக்கு இருந்தது. அவர் கைத்தடியைத் தரையில் குத்தினார்.

“அப்ப ஞாயிற்றுக்கிழமை என்ர முழங்கால் உடைஞ்சது?”

“அப்பிடித்தான் ஒரு பேப்பர் சொல்லுது.”

“திங்கட்கிழமை அதே முழங்காலோட அதே ஊரில திரும்ப இறங்கி, திரும்பவும் உடைச்சனான்?”

“மற்றப் பேப்பர்...”

“எனக்கு எத்தினை முழங்கால் தம்பி? எண்ணிப் பார், இந்தா!” என்று காற்சட்டையை முழங்காலுக்கு மேல் இழுத்தார். தழும்பு பாதிக் காலுக்கு இருந்தது. பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது.

“நினைவும் காயமும் ஆதாரம் இல்லை ஐயா. அச்சில வேணும்” என்றேன். இதைச் சொன்ன என் வாயை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“நீ எந்த ஊர்?”

“யாழ்ப்பாணம்.”

“அப்பிடியெண்டால் உனக்கு விளங்கியிருக்க வேணும்” என்றார். திரும்பிப் படி இறங்கினார். ஒவ்வொரு படியிலும் கைத்தடி இரண்டு தரம் தட்டியது.

அவர் சொன்னது எனக்கு விளங்கத்தான் செய்தது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் என் அகதி விண்ணப்பத்துக்காக என்னை நேர்காணல் செய்த அதிகாரி, ஊரைவிட்டு வெளிக்கிட்டது முதலில் புதன் என்றும் பிறகு வியாழன் என்றும் நான் சொல்லியிருப்பதைக் காட்டினார். ஏன் என்று கேட்டார். வீட்டை விட்டது புதன், குடாநாட்டை விட்டது வியாழன் என்று விளக்கினேன். எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். முன்பின் தெரியாத அந்த மனிதர் என்னிடம் ஏன் என்று கேட்டார். நான் தாஹரிடம் அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் வட்டம் போட்டுவிட்டேன்.

அன்று மாலை வீட்டில் மனைவி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “இஞ்சை பாருங்கோ, ஒரு டீம் ஒரே ஊரில அடுத்தடுத்த நாள் விளையாடுமோ? அதுவும் அதே ஸ்கோரோ? உங்களுக்கு இருக்கிறது மூளையோ, ரப்பர் ஸ்டாம்போ?”

“விதி அப்பிடி.”

“விதியை ஆர் எழுதினது? பிரெஞ்சுப் பேப்பர் வாசிக்கவெண்டுதானே உங்களை எடுத்தவை? போய் ஒழுங்கா வாசியுங்கோ.”

மறுநாள் விடுப்பு எடுத்துப் பத்திரிகை நூலகத்துக்குப் போனேன். அந்தப் பாரிஸ் மாலைப் பத்திரிகையின் நுண்படச் சுருளை இயந்திரத்தில் மாட்டி, நான்கு வரிச் செய்தியை விட்டு மற்றப் பக்கங்களைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைத் திகதியிட்ட தாளில் திங்கட்கிழமைக் காலை வானிலை. திங்கட்கிழமை மதியப் பங்குச்சந்தை விலை. திங்கட்கிழமை மதியத்துக்குப் பிறகு நடந்தது ஒன்றுமே இல்லை. பாரிஸ் மாலைப் பத்திரிகை மதியத்துக்குப் பிறகு விற்பனைக்கு வரும்போது மறுநாள் திகதியைத் தாங்கி வரும். திங்கட்கிழமை அச்சான தாளின் தலையில் செவ்வாய் என்று இருக்கும். அதிலுள்ள “நேற்று” ஞாயிறு.

இதை நான் அறியாதவன் அல்ல. ஆறு ஆண்டுகள் மாலை வேலைக்குப் போகும் வழியில் அதே மாதிரித் தாளை வாங்கியிருக்கிறேன். நாளைய பத்திரிகை இன்றைக்கே வருது, நாளைய சம்பளத்தையும் இன்றைக்கே தந்தால் என்ன என்று சமையலறையில் பகிடி விட்டிருக்கிறேன். லண்டனில் மேசை கிடைத்ததும் தாளின் தலையை மட்டும் பார்க்கப் பழகிவிட்டேன். பிரெஞ்சு தெரிந்தவன் என்று என்னை எடுத்தார்கள். பிரெஞ்சு தெரியாதவன் செய்யும் பிழையை நான் செய்தேன்.

ஓர் ஆட்டம், இரண்டு ஆதாரம். விளக்கக் குறிப்பை எழுதி இரண்டு அட்டைகளையும் கோல்டுவெல்லிடம் கொண்டுபோனேன். அடிமட்டத்தை வரிவரியாக இறக்கினார். முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“முழுவதும் சரி” என்றார். நன்றி சொல்லவில்லை. அட்டை பிழைத்தது என்று நினைத்தேன்.

பிறகு பென்சிலை எடுத்து அட்டையின் தலையில் பிரிவு எண்ணை எழுதினார். அல்ஜீரியாவின் எண் அல்ல. நூலின் கடைசியில் “அங்கீகாரம் பெறாத அணிகள்” என்று ஒரு பின்னிணைப்பு உண்டு. தபால் ஊழியர் அணி, மாணவர் அணி, கப்பல் மாலுமிகள் அணி எல்லாம் அங்கேதான். 1958 முதல் 1962 வரை அந்த அணி ஆடி, நாங்கள் உறுதி செய்திருந்த மற்ற ஆட்டங்களையும் அவர் அங்கேதான் போட்டிருந்தார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

“இது அல்ஜீரியாவின் தேசிய அணி” என்றேன்.

“அப்போது அப்படி ஒரு நாடு இல்லை.”

“நாடு வந்ததும் அதே ஆட்களில் பலர் அதே நாட்டுக்காக ஆடினார்கள். முன்பு ஆடியது யாருக்காக?”

“நாங்கள் நாடுகளை உருவாக்குவதில்லை. பட்டியலிடுகிறோம்.” டப்பா என் பக்கம் நகர்ந்தது. அன்று நான் பிஸ்கட் எடுக்கவில்லை. என் எதிர்ப்பு முழுவதும் அவ்வளவுதான். பதினைந்து ஆண்டு வேலை, வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகள். எழுந்து வந்துவிட்டேன்.

நூல் வெளியானதும் ஒரு பிரதியை நானே காப்பிக்கடைக்குக் கொண்டுபோனேன். தாஹர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பக்கத்தைத் தேடினார். அவரைச் சுற்றி ஏழெட்டு முதியவர்கள். பிரான்ஸ் பிரிவில், இரண்டாம் பிரிவுக் கழகப் பட்டியலில், அவர் பெயர் முன்பே இருந்தது. அதைத் தாண்டினார். அல்ஜீரியாவைத் தாண்டினார். கடைசியில் நான் விரலால் காட்ட வேண்டியிருந்தது.

ஒருவர் எட்டிப் பார்த்து, “அட, தபால்காரரோட நிக்கிறார்! தாஹர், கடிதமும் குடுத்தனியோ?” என்றார். கடை முழுக்கச் சிரித்தது.

தாஹர் நூலை மூடினார். “தம்பி, பிரான்ஸுக்குப் பந்தடிச்சதுக்கு முன்பக்கம். என்ர நாட்டுக்குக் கால் உடைச்சதுக்குப் பின்பக்கம். ஒண்டில் சரியான இடத்தில போடு, இல்லாட்டி வெட்டு. இப்பிடி வைச்சிருக்காதை.”

வெட்டவும் முடியவில்லை. உறுதிசெய்த வரியை, மாறான ஆதாரம் இல்லாமல் நீக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. உள்ளே வர ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த மனிதருக்கு வெளியே போகவும் வழியில்லை. ஒவ்வோர் ஆண்டும் பதிப்புக் கூட்டத்தில் அல்ஜீரியாவை எழுப்பினேன். ஒவ்வோர் ஆண்டும் எனக்கு நன்றி சொன்னார்கள். கோல்டுவெல் ஓய்வு பெற்றார். அவருடைய அடிமட்டமும் விதியும் அடுத்தவருக்குப் போயின.

என் கடைசி வேலைநாளில், கேக் வெட்டுவதற்கு முன், காலை ஒன்பது மணிக்குக் கணினியில் உட்கார்ந்தேன். 1958 முதல் உறுதியான எல்லா ஆட்டங்களையும் பின்னிணைப்பிலிருந்து எடுத்து அல்ஜீரியாவின் கீழ் வைத்தேன். தாஹரின் வரி மட்டும் அல்ல, எல்லாம். ஒருவருக்குச் செய்யும் தயவாக அது இருக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டேன். மாலை நான்கு மணிக்கு முடிந்தது. கேக் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அடுத்த பதிப்பில் அப்படியே அச்சானது, யாரும் கவனிக்கவில்லை. தாஹர் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டம் போட்டுக் காப்பிக்கடைச் சுவரில் மாட்டியதாக அவருடைய மகள் சொன்னாள்.

இப்போது நிறுவனம் கைமாறிவிட்டது. புதிய கணினி நாட்டுக்குப் பிறந்தநாள் பார்க்கிறது.

நிர்மலாவிடம் கத்திய மறுநாள் நானே அவளை அழைத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, “பிள்ளை, அது பிழை இல்லை. தெரிஞ்சுதான் செய்தனான்” என்றேன்.

“அங்கிள், வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. மிஸ்டேக் எண்டால் அதோட முடிஞ்சுது. தெரிஞ்சு செய்தது எண்டால் அவையள் கமிட்டிக்குக் கொண்டுபோகோணும். உடனே டிலீட் பண்ண ஏலாது. ஆனால் உங்கட இனிஷியல்ஸ் இருக்கிற எல்லா என்ட்ரியையும் ‘உறுதியில்லை’ எண்டு மார்க் பண்ணிப்போட்டுத் திருப்பி செக் பண்ணுவினம். ட்வென்டி சிக்ஸ் இயர்ஸ் வேர்க், அங்கிள்.”

“அல்ஜீரியா நிக்குமோ?”

“கமிட்டி முடிக்குமட்டும் நிக்கும். பிறகு உங்கட ரீசன் நல்லதா இருந்தால் நிக்கும்.”

அன்றே கடிதம் எழுதினேன். ஆட்களும் ஆட்டமும் நாட்டின் பெயரும் ஒன்றாயிருக்க, அங்கீகாரத் திகதியை வைத்து ஒரு தேசிய அணியைத் தபால்காரர்களோடு சேர்ப்பதுதான் பதிவுப் பிழை என்று எழுதினேன். என் அட்டைகளைச் சோதிக்க விரும்பினால் பாரிஸ் மாலைப் பத்திரிகையை ஆதாரமாகக் காட்டியவற்றில் தொடங்கச் சொன்னேன். அந்த ஒரு நாள் பிழையை நான் வேறெங்கும் செய்திருந்தால் அங்கேதான் இருக்கும். அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நானே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

அஞ்சலில் போட்டுவிட்டுத் தாஹருக்குத் தொலைபேசி எடுத்தேன். எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார், காது மந்தம். மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

“அப்ப என்ர பேர் திரும்பப் போகுமோ?”

“போகலாம். போகாமலும் விடலாம்.”

“உன்ர பேர்?”

“அது இப்பவே போயிட்டுது. நான் செய்தது எல்லாத்திலயும் சந்தேகம் எண்டு போடுவினம்.”

மறுமுனையில் கைத்தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சிரித்தார்.

“அப்பிடியெண்டால் காப்பிக்கடைக்கு வா. இவ்வளவு காலமும் அந்த மேசையில பொய்யன் எண்டு நான் தனியத்தான் இருந்தனான்.”